புது ரைஃபிளின் முதல் குண்டு ஏன் விலகுகிறது?

50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த புது ரைஃபிளில் முதல் சில குண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழலாம். உடனே துப்பாக்கியைக் குறைசொல்வது அநியாயம். துருப்பிடிக்காமலிருக்கக் குழலுக்குள் பூசிய எண்ணெய் மிச்சமிருந்தால் முதல் குண்டின் வேகமே மாறிவிடும்.

அதைத் துடைத்தெடுத்த பிறகும் குழல் பழக வேண்டும். 5.6 மி.மீ. ஈயக் குண்டின் மேல் மெழுகோ கொழுப்போ தடவியிருப்பார்கள். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். ஒவ்வொரு குண்டும் அதில் கொஞ்சத்தைக் குழலின் சுருள் பள்ளங்களில் விட்டுச் செல்கிறது. அந்தப் படலம் சீரானதும் உராய்வும் வேகமும் சீராகின்றன. குண்டுகள் ஓரிடத்தில் குவிகின்றன. தோட்டா ரகத்தை மாற்றினால் மெழுகும் மாறும், மறுபடி சில குண்டுகள் செலவாகும்.

ஆகவே ஒரே ரகத் தோட்டாவில் நிதானமாகச் சுட்டுப் பார்த்த பிறகே புது ரைஃபிளை எடைபோடுங்கள்.