சீனாவில் ஓராண்டு: புறப்படுமுன்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளி என்று வந்த எனக்கு, மாண்டரின் என்பது ஜொகூர் பாரு கடைகளில் கேட்டுப் பழகிய ஓசை மட்டுமே. பரிமாற்ற மாணவனாக ஓராண்டு சீனா செல்ல விண்ணப்பித்தபோது, சீனப்பள்ளியில் படிக்காதது பெருங்குறை என்றே எண்ணினேன். எழுத்துக்கு அது உண்மை, உச்சரிப்புக்கு அன்று.

சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் குறிக்கும் பின்யின் முறையைச் சீனா 1958-இல் ஏற்றது. அதை ஆங்கிலம்போல் படிப்பதே நம் பிழை. 'பெய்ஜிங்' என்பதன் முதலொலி 'பஸ்'ஸில் வருவதன்று. நம் 'பல்'லில் வரும் பகரம். 'பெரிய' எனப் பொருள்படும் 'தா'வும் 'தாத்தா'வின் முதல் தகரத்தை ஒட்டியதே. இவற்றுக்கு இணையாக, மூச்சுடன் வெடிக்கும் ஒலிகளும் உள்ளன. வாய்க்குமுன் ஒரு தாளைப் பிடியுங்கள்: 'பல்' என்றால் தாள் அவ்வளவாக அசையாது, மூச்சொலிக்கு நன்றாக அசைய வேண்டும்.

தொனிதான் கடினம். 'மா' என்பதே தொனிக்கேற்பத் தாய், சணல், குதிரை, திட்டுதல் என மாறும். இரவில் நான் பயிற்சி செய்தால், "என்னப்பா வேணும்?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்கிறார்.

ஆவணங்களிலும் கவனம் தேவை. 2025 ஜூலை 17-இல் நடப்புக்கு வந்த விசா விலக்கு 30 நாள் பயணத்துக்கானது, படிப்புக்கு உதவாது. 180 நாளுக்கு மேல் படிப்போருக்கு 'எக்ஸ்1' விசா. சென்றிறங்கிய 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். நமக்கோ குடும்பப்பெயர் கிடையாது. கடப்பிதழில் உள்ள பெயரையே எல்லாப் படிவங்களிலும் ஒரேவிதமாக எழுதுங்கள். 'ஏ/எல்' என்பதை ஒன்றில் சேர்த்து, மற்றொன்றில் விட்டு, நான் இரண்டு வாரம் இழந்தேன்.