'யாரோ'ன்னா ஃப்ரெண்ட்ஸ்!

ஒரு ஆல்பத்தோட பேரு 'பல்'. டூத் பேஸ்ட் விளம்பரமான்னு கேக்காதீங்க! ஹிந்தியில 'பல்'னா கணம், நொடி. 1999ல வந்த ஹிந்தி பாப் ஆல்பம். பாடினவர் கே.கே.

'யாருப்பா அது?'ங்கறீங்களா? 'காக்க காக்க'வுல 'உயிரின் உயிரே', 'கில்லி'யில 'அப்படிப் போடு', '7ஜி ரெயின்போ காலனி'யில 'நினைத்து நினைத்து பார்த்தேன்'... எல்லாம் அவரேதான். பேர் தெரியாமலே அந்தக் குரலோட பழகிட்டு இருக்கோம்!

நாம பொறக்கறதுக்கு முன்னாடி டி.வி.யில ஹிந்தி பாப் வீடியோக்களோட ராஜ்ஜியம். படமே வேண்டாம், அஞ்சு நிமிஷப் பாட்டுக்குள்ள ஒரு முழுக் காதல் கதை. 1995ல அலிஷா சினாயோட 'மேட் இன் இந்தியா', அடுத்த வருஷம் லக்கி அலி எகிப்து பிரமிடுகளுக்கு நடுவுல பாடின 'ஓ சனம்'. அந்த வரிசையில வந்ததுதான் 'பல்'. இசை லெஸ்லி லூயிஸ், நம்ம ஹரிஹரனோட சேர்ந்து 'கலோனியல் கஸின்ஸ்' பண்ணினவர். இந்த ஆல்பத்துல 'ஆப் கீ துவா' காதலுக்கு. 'பல்', 'யாரோ' ரெண்டும் வட இந்தியக் கல்லூரிகளோட ஃபேர்வெல் கீதங்கள்.

கே.கே. டெல்லியில வளர்ந்த மலையாளி. முறையா சங்கீதம் கத்துக்கிட்டதில்லை. டிகிரி முடிச்சதும் மார்க்கெட்டிங் வேலை. அதை உதறிட்டு 1994ல மும்பைக்குப் போய் விளம்பரப் பாட்டு பாடினார். ஹிந்தியில பெரிய பிரேக் கிடைக்கிறதுக்கு முன்னாடியே, 1997ல 'மின்சார கனவு' படத்துல 'ஸ்ட்ராபெர்ரி கண்ணே' பாடிட்டார். பிளேஸ்மென்ட் டென்ஷன் பார்ட்டிகளே, நோட் பண்ணுங்க!

இனி நம்ம ஏரியா. எங்க ஊர் ஜூஜுவாடி. ஓசூர் தாண்டி தமிழ்நாடு முடியற இடம். அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, கர்நாடகா. ஒரே டீக்கடையில தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கேக்கும். இப்போ சிப்காட் வேலைக்கு வந்தவங்களால ஹிந்தியும்.

எங்க லைன் வீட்டுல பக்கத்து ரூம்ல ஒரு பீகார்காரர். ரெண்டு வருஷம் ஒரே சுவர், ஒரு வார்த்தை பேசினதில்லை. எங்களுக்கு அவர் 'ஹிந்திக்காரன்', அவ்வளவுதான். ஒருநாள் லைன்ல செல்போன் காணாம போச்சு. எல்லாரும் முதல்ல பார்த்தது அவர் கதவைத்தான். நானும்தான். போன், தொலைச்சவங்க வீட்டு அரிசி டிரம் பின்னாடியே கிடைச்சது. யாரும் அவர்கிட்ட ஸாரி சொல்லலை.

2022 மே 31. கொல்கத்தா நஸ்ருல் மஞ்ச்ல ஒரு கல்லூரி விழா. கே.கே. கடைசியாப் பாடினது 'பல்'. அன்னிக்கு ராத்திரியே இறந்துட்டார். வயசு 53.

மறுநாள் காலையில நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த அந்த அண்ணன், வாசப்படியில உட்கார்ந்து செல்லுல பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கவே, என் செல்லுல 'உயிரின் உயிரே' போட்டுக் காட்டினேன். சட்டுனு நிமிர்ந்தார். "கே.கே., தம்பி!"

அடுத்து அவர் போட்டது 'யாரோ'. "யாரோ... தோஸ்த் லோக்"னு விளக்கினார். நமக்கு 'யாரோ'ன்னா முகம் தெரியாத ஆளு. அவங்களுக்கு அது 'நண்பர்களே!' கடைசியில மூக்கால லேசா ஒரு இழுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்!

அன்னிக்குத்தான் அவர் பேரையே கேட்டேன். செல்போன் மேட்டருக்கு ஸாரியும் சொன்னேன், எனக்குத் தெரிஞ்ச பத்து ஹிந்தி வார்த்தையில. "பரவால்லே தம்பி"ன்னார், சுத்தத் தமிழ்ல. ரெண்டு வருஷமா நாங்க பேசினதெல்லாம் அவருக்குப் புரிஞ்சிருக்கு!

உங்க ஹாஸ்டல்லயும் பேர் கேக்காத ஒரு 'யாரோ' இருப்பார். இன்னிக்குக் கேட்டுடுங்க. அந்த 'பல்' போனா வராது மச்சி!