கரண்ட் போனாலும் கதவு திறக்கணும்
(பழைய வேனுக்கு பவர் விண்டோவும் சென்ட்ரல் லாக்கும் போடுவது பற்றி ஒரு பண்ணை வானொலி உரை)



உரம், விதை, பூச்சி மருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்கு வேனைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. படப்பை, மணிமங்கலம், சோமங்கலம், கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து கீரையும் கத்தரியும் பூவும் மாட்டு வண்டியில் போன காலம் மலையேறிவிட்டது. விடியுமுன்னே பழைய வேன் ஒன்றில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு தாம்பரத்துக்கோ கோயம்பேட்டுக்கோ புறப்பட்டு விடுகிறோம். அதே வேன் பகலில் உர மூட்டை ஏற்றுகிறது, முகூர்த்த நாளில் குடும்பத்தையே ஏற்றுகிறது. ஏர், பம்புசெட் மாதிரி வேனும் ஒரு பண்ணைக் கருவிதான்.

நம் பக்கத்தில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது ஆம்னி. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரைக்கும் இந்த வண்டி தயாரானது. கடைசியாக வந்த வண்டிக்கே இப்போது வயசாகிவிட்டது. கண்ணாடியைக் கையால் சுற்றணும், கதவு கதவாகப் போய்ப் பூட்டணும். மார்க்கெட்டில் மூட்டை இறக்கும்போது, இந்தப் பக்கம் பூட்டினால் அந்தப் பக்கம் திறந்து கிடக்கும். மழை வந்தால் டிரைவர் எட்டிப் படுத்து இடது கண்ணாடியை ஏற்றணும். அதனால் "ஒரு பட்டன் போட்டுட்டா தேவலையே" என்று உங்களுக்குத் தோன்றுவது நியாயம்தான்.

போடலாம். ஆனால் போடுவதற்கு முன்னால் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வேலை செய்யாத நேரத்திலும் உள்ளே இருக்கிறவன் கையால் வெளியே வர வழி இருக்கணும். இன்றைய பேச்சு முழுக்க இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இரண்டு விரல் சோதனை

பவர் விண்டோ என்பது பெரிய மந்திரம் இல்லை. கதவுக்குள்ளே கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டரை இத்தனை நாள் உங்கள் கை சுற்றியது. இனி 12 வோல்ட் மோட்டார் சுற்றும், அவ்வளவுதான். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, பழைய ரெகுலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, கைப்பிடி மாட்டும் பல்லில் மோட்டாரைப் பொருத்துவது. இன்னொன்று, ரெகுலேட்டரையும் மாற்றிப் புதிதாக மோட்டாரோடு சேர்ந்ததைப் போடுவது. பழையது தேய்ந்து ஆடினால் இரண்டாவதுதான் நல்லது.

எது போட்டாலும் முதலில் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். கண்ணாடி தடங்கல் இல்லாமல் ஏறி இறங்கினால் மோட்டார் போடலாம். முழுக் கையால் முக்கித் திருகினால்தான் ஏறுகிறது என்றால், மோட்டார் போடக்கூடாது. கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்கில் மண்ணும் தூசியும் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யுங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். ரெகுலேட்டருக்கு கிரீஸ் வையுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன்? உங்கள் கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்கள். பம்பில் மணல் சிக்கினால் மோட்டார் சுற்றாமல் முனகும், கரண்டை அள்ளி இழுக்கும், காயில் புகையும். இதுவும் அதேதான். தாராளமாக ஓடும்போது 5 முதல் 10 ஆம்ப் இழுக்கும் விண்டோ மோட்டார், சிக்கி நின்றால் 20 ஆம்புக்கு மேலே போகும்.

கம்பியில் சிக்கனம் வேண்டாம்

மோட்டாருக்கும் பாட்டரிக்கும் நடுவில் சன்னக் கம்பியைப் போட்டால் என்ன ஆகும்? ஆற்றோரத்துக் கொட்டகைக்கு நீளமாகச் சன்னக் கம்பி இழுத்தால் வோல்டேஜ் இறங்குவது போல இங்கும் இறங்கும். கண்ணாடி பாதியில் நிற்கும், கம்பி சூடாகும். விண்டோ மோட்டாருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போடச் சொல்லுங்கள்.

பாட்டரியிலிருந்து புறப்படும் கம்பியில், பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கணும். ஃபியூஸ் தூரத்தில் இருந்தால், அதற்கு முன்னாலேயே கம்பி எங்காவது உரசி பாடியைத் தொட்டால் தடுக்க ஆளில்லை, தீதான். ஃபியூஸ் போனால் அதே ஆம்ப் ஃபியூஸைத்தான் போடணும். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி ஓட்டுகிற கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் கம்பி ஓடக்கூடாது. கேஸ் வண்டியாக இருந்தால், கேஸ் குழாயோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. பாடியிலிருந்து கதவுக்குள் கம்பி நுழைகிற ஓட்டையில் ரப்பர் குரோமெட் கட்டாயம். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் தகரத்தின் விளிம்பு கம்பியை அரிவாள் மாதிரி அறுக்கும்.

விண்டோவுக்கான கரண்ட், சாவி போட்டால் மட்டும் வருகிற மாதிரி ரிலே வழியாக எடுக்கட்டும். சாவி இல்லாத வேனில் பிள்ளைகள் பட்டனை அமுக்கி விளையாட முடியாது. லாக்குக்கு மட்டும் பாட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு நேராக வரலாம்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

சென்ட்ரல் லாக் பெட்டியைப் பிரித்தால் சின்னச் சின்ன லாக் மோட்டார்களும், ஒரு கன்ட்ரோல் பெட்டியும், கம்பிகளும் இருக்கும். 5 ஒயர் உள்ள மோட்டார் டிரைவர் கதவுக்கு. அதுதான் மேஸ்திரி. 2 ஒயர் உள்ளவை மற்றக் கதவுகளுக்கு, அவை சித்தாள்கள். டிரைவர் கதவைப் பூட்டினால் மேஸ்திரி கன்ட்ரோல் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி மற்றதையெல்லாம் பூட்டும்.

லாக் மோட்டாரைக் கதவின் பழைய லாக் கம்பியோடு நேர்கோட்டில் மாட்டணும். கோணலாக மாட்டினால் நாலு நாளில் சிக்கும். ஸ்க்ரூ போடுவதற்கு முன்னால் கண்ணாடியை முழுசாக இறக்கிப் பார்க்கணும். இல்லையென்றால் ஸ்க்ரூ நுனி கண்ணாடியைக் கீறும்.

ஆம்னியின் நடுக்கதவு தள்ளும் கதவு. அதில் கீழே இறங்குகிற கண்ணாடி கிடையாது. ஆகவே பவர் விண்டோ முன்கதவு இரண்டுக்கு மட்டும்தான். நடுக்கதவுக்கு லாக் போடலாம். கதவு ஓடுவதால், கதவு மூடியிருக்கும்போது மட்டும் ஒன்றையொன்று தொடுகிற ஸ்பிரிங் பாயிண்டுகளை வைப்பார்கள். அதில் மண் படிந்தால் அந்தக் கதவு மட்டும் பூட்டாது. மாதம் ஒரு தடவை துணியால் துடையுங்கள்.

டோர் பேடைக் கழற்றினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். "இது எதுக்கு?" என்று கிழித்துப் போட விடாதீர்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்குவது சகஜம். அது உள்ளே வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளையும் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அவை அடைத்தால் புது மோட்டார் தண்ணீரிலேயே ஊறும்.

வெள்ளத்தை மறக்கலாமா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததை நம்மில் பலர் கண்ணால் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே பகுதிகளில் தண்ணீர் நின்றது. இன்னொரு மழை வராது என்று யார் சொல்ல முடியும்?

தண்ணீரில் வண்டி மாட்டிக்கொண்டால் நடப்பதைக் கணக்காகச் சொல்கிறேன். கதவு ஒரு மீட்டர் அகலம் என்று வையுங்கள். கதவின் அடியிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெளியே தண்ணீர் நிற்கிறது, உள்ளே இன்னும் ஏறவில்லை. அந்தத் தண்ணீர் கதவை ஏறக்குறைய 180 கிலோ பாரத்தோடு அழுத்தும். மூன்று நெல் மூட்டையைக் கதவில் சாய்த்து வைத்தது மாதிரி. உள்ளேயிருந்து யார் தள்ளித் திறப்பது? அந்த நேரத்தில் ஜன்னல்தான் வாசல். ஈரம் பட்ட மோட்டார் சில நிமிஷம் ஓடலாம், ஓடாமலும் போகலாம். அதை நம்பி உயிரை வைக்கக்கூடாது.

அதனால் நான் சொல்கிற யோசனை இதுதான். டிரைவருக்கு எட்டாதது இடது கண்ணாடி. மோட்டாரை அதற்குப் போடுங்கள். வலது கண்ணாடி உங்கள் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குக் கைப்பிடியே இருக்கட்டும். செலவு பாதி, கஷ்டம் தீர்ந்தது, கரண்ட் இல்லாமல் திறக்கிற ஜன்னல் ஒன்றும் கையில் இருக்கிறது. கிணற்றுக்கு மோட்டார் வந்த பிறகும் வாளியையும் கயிற்றையும் ஓரமாக வைத்திருக்கிறோம் இல்லையா, அது மாதிரி.

"இல்லை சார், இரண்டுக்கும்தான் வேணும்" என்கிறவர்கள், கூர்முனை உள்ள சின்னச் சுத்தியல் ஒன்றை டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டி வையுங்கள். பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்தால் தூளாக உதிரும். முன் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, விரிசல்தான் விடும், வழி விடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ரயில் பாலத்தடியில் தண்ணீர் நிற்பது தெரிந்தால் வண்டியை இறக்காதீர்கள். சுற்றிப் போனால் ஒரு லிட்டர் பெட்ரோல்தான் நஷ்டம்.

பிள்ளைகள் விஷயம்

சில இடங்களில், திருடன் கம்பி விட்டுத் தூக்காமல் இருக்க என்று சொல்லி, கதவு லாக்கின் குமிழை வெட்டி விடுகிறார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளை பிடித்துத் தூக்குவதற்கு இருக்கிற ஒரே பிடி அந்தக் குமிழ்தான். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் பத்தே நிமிஷத்தில் சூடு ஏறக்குறைய 10 டிகிரி ஏறிவிடும். கத்திரி வெயிலில் அது பிள்ளைக்கு எமன். சென்ட்ரல் லாக் உள்ள வண்டிகளில், கரண்ட் இல்லாவிட்டாலும் கையால் திறக்கிற வசதி இருக்கணும் என்று 2019 ஜூலை 1 முதல் தயாராகும் புது வண்டிகளுக்கு அரசாங்கமே கட்டாயமாக்கிவிட்டது. நம் பழைய வண்டிக்கு அதை நாமே கட்டாயமாக்கிக்கொள்வோம்.

விண்டோ பட்டனிலும் கவனம் வேணும். அமுக்கினால் கண்ணாடி ஏறுகிற பட்டன் வேண்டாம். ஜன்னலில் தலையை நீட்டி நிற்கிற பிள்ளையின் முழங்கால் பட்டாலே கண்ணாடி ஏறி கழுத்தை நெரிக்கும். மேலே இழுத்தால்தான் ஏறும் என்கிற மாதிரி பட்டனைக் கேட்டு வாங்குங்கள்.

கடை, காகிதம்

புதுச் சாமான் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும், கழற்றிய பழைய ரெகுலேட்டர் புதுப்பேட்டையிலும் கிடைக்கும். இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள், பில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது, புதிதாகப் போட்ட எலக்ட்ரிக் சாமானைத் தனியாகச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது வண்டியைப் பார்வையிடுவார்கள். தொங்குகிற கம்பியோடு போய் நிற்காதீர்கள்.

காசு கொடுக்குமுன் பாருங்கள்

வேலை முடிந்ததும் மெக்கானிக்கை வைத்துக்கொண்டே இந்த ஐந்தையும் செய்து பாருங்கள்:

1. எஞ்சினை நிறுத்திவிட்டு, வெறும் பாட்டரியில் கண்ணாடியை ஐந்து தடவை ஏற்றி இறக்குங்கள். பிறகு கம்பியைத் தொட்டுப் பாருங்கள். சுடக்கூடாது.

2. பட்டனால் எல்லாக் கதவையும் பூட்டுங்கள். ஒருவர் உள்ளே உட்காரட்டும். இப்போது பாட்டரியின் நெகடிவ் கிளாம்பைக் கழற்றுங்கள். உள்ளே இருப்பவர் கையாலேயே ஒவ்வொரு கதவாகத் திறந்து வரணும். நடுக்கதவு உட்பட.

3. கிளாம்ப் கழன்ற நிலையிலேயே, கதவைப் பூட்டிவிட்டு வெளியேயிருந்து சாவியால் திறங்கள். ரிமோட் வந்தவுடன் சாவியை மறந்தால், சாவித் துவாரம் துருப்பிடித்துவிடும். வாரம் ஒரு தடவை சாவியால் திறப்பதை வழக்கமாக்குங்கள்.

4. ஒரு குடம் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றுங்கள். கதவின் அடியில் வடியணும், உள்ளே கசியக்கூடாது.

5. எந்த ஃபியூஸ் எதற்கு, எத்தனை ஆம்ப் என்று ஒரு அட்டையில் எழுதி வாங்கி வண்டியிலேயே வையுங்கள்.

இதில் இரண்டாவது சோதனை தேறாவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள், சரிசெய்யச் சொல்லுங்கள். இன்னொன்று, ரிமோட் பெட்டி சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். வேனைப் பல வாரம் கொட்டகையில் நிறுத்துவதாக இருந்தால் பாட்டரி கிளாம்பைக் கழற்றி வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். வரப்பை வெட்டிச் சரிசெய்வதற்கும் வடிகாலைத் தூர் வாருவதற்கும் அதற்கு முன்பே நாள் பார்க்கிறோம். அந்த வாரத்திலேயே ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, வேனின் கிளாம்பைக் கழற்றிவிட்டு வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும், சின்னப் பிள்ளை உட்பட, உள்ளேயிருந்து கதவைத் திறந்து வரப் பழக்கிவிடுங்கள்.