கை நடுக்கத்தைப் பார்க்கிறோம், கவனத்தை அளக்கிறோமா?

பார்கின்சன் நோய்க்கு மருத்துவரிடம் போனால் விரல்களைத் தட்டச் சொல்வார், கையை மடக்கி இறுக்கம் பார்ப்பார், நடந்துகாட்டச் சொல்வார். “பேசிக்கொண்டிருக்கும்போதே நினைப்பு எங்கோ போய்விடுகிறது” என்று மனைவி சொன்னால், ‘வயசாகிவிட்டது’ என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுவதும் உண்டு. 1817-இல் இந்நோயை முதலில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்கின்சனே அறிவுக்குப் பாதிப்பில்லை என்றுதான் கருதினார். அது சரியல்ல. சிலருக்கு நோயின் தொடக்கத்திலேயே கவனம் தளர்கிறது.

நடையும் கவனமும்

பார்கின்சனில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால் கைகால் மட்டும் தடுமாறுவதில்லை. மூளையின் முன்பகுதியோடு பேசும் பாதைகளுக்கும் அது வேண்டும். கவனத்துக்கு உதவும் அசிட்டைல்கோலினும் பலருக்குக் குறைகிறது. நாமெல்லாம் யோசிக்காமல் நடக்கிறோம். பார்கின்சன் நோயாளிகள் ஒவ்வோர் அடிக்கும் மனத்தைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு கேள்வி கேட்டால் கால் நின்றுபோகும், சில சமயம் விழுந்தும்விடுவார்கள்.

காகிதமும் பென்சிலும்

சிந்தனைத் திறனை அளக்கும் ‘மோகா’ என்ற 30 மதிப்பெண் சோதனை தமிழிலும் உண்டு. கடிகாரம் வரைவது, எண்களைத் தலைகீழாகச் சொல்வது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது எல்லாம் அதில் வரும். பள்ளிக்கூடமே போகாத பாட்டி கழித்தலில் தடுமாறினால் அதை நோயின் கணக்கில் எழுதக்கூடாது.

சிதறிக்கிடக்கும் எண்களை வரிசையாகக் கோடிட்டு இணைக்கும் சோதனை இன்னொன்று. அடுத்த கட்டத்தில் எண், எழுத்து என்று மாறிமாறி இணைக்க வேண்டும். இரண்டுக்கும் ஆன நேர வித்தியாசத்தைப் பார்த்தால், கையின் மந்தத்தையும் மனத்தின் மந்தத்தையும் ஓரளவு பிரித்தறியலாம். பார்கின்சன் மாத்திரை வேலை செய்யும் நேரமா, அதன் வேகம் அடங்கிய நேரமா என்று குறிக்காமல் எடுத்த மதிப்பெண்ணை நான் நம்பமாட்டேன்.

தலையில் ஒட்டும் மின்முனைகள்

மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். அந்த அலைகளைப் பதிவு செய்யும் இன்றைய இ.இ.ஜி. ஆய்வுகளில் ஒரே மாதிரி ‘பீப்’ ஒலி கேட்டுக்கொண்டிருக்கும். எப்போதாவது வேறொன்று வரும், அதை மட்டும் எண்ண வேண்டும். அது கேட்ட சுமார் 300 மில்லி விநாடியில் மூளையில் ஓர் அலை எழும். சிந்தனைத் திறன் குறைந்த பார்கின்சன் நோயாளிகளிடம் இந்த அலை தாமதிக்கிறது. சும்மா இருக்கும்போதும் அவர்களின் மூளை அலைகள் மெதுவாகின்றன.

இதில் ஒரு சிக்கல். பார்கின்சன் நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 6 முறை. மூளையின் மெதுவான தீட்டா அலையும் ஏறக்குறைய அதே வேகம்தான். பிரித்துப் பார்க்காவிட்டால் தலை நடுங்கியதையே மூளை அலை என்று படித்துவிடலாம்.

நடக்கும்போது மூளை என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும், ஆனால் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் நடக்க முடியாது. அதனால் நெற்றியில் அகச்சிவப்பு ஒளி பாய்ச்சி, நடக்கும்போதே மூளை இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைப் பார்க்கும் கருவிகளையும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். இவையெல்லாம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான். பார்கின்சனுக்கு இ.இ.ஜி. ‘பேக்கேஜ்’ என்று யாராவது விற்க வந்தால், எதற்கு என்று கேளுங்கள்.

வீட்டில் குறித்துவைக்க

கவனம் எந்த நேரத்தில் சிதறுகிறது, மாத்திரை போட்டு எவ்வளவு நேரமாகியிருந்தது, இல்லாத உருவங்கள் தெரிகின்றனவா என்பதை எழுதிக்கொண்டு போங்கள். நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை வயதானவர்களுக்குக் குழப்பம் தரலாம். அதைப் பற்றிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப்போனால் பார்கின்சன் முற்றிவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.