ஓரியூர்ச் சிறையிலிருந்து ஒரு மடல்: அயல்நாட்டில் வாழ்வோருக்கு எழுத்து தரும் துணை

இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என நீளும் நமது கடற்கரையிலிருந்து வேலை தேடிக் கடல் கடந்தவர்கள் பலர். சிலர் வளைகுடா நாடுகளில் ஒப்பந்த மீனவர்களாக அயலார் படகுகளில் மீன் பிடிக்கின்றனர். சிலர் கட்டடப் பணியிலும், ஓட்டுநர் பணியிலும், வீட்டு வேலையிலும் இருக்கின்றனர். சிங்கப்பூர், மலேசியா சென்றவர்களும் உண்டு. போரினால் வீடு இழந்து, 1983க்குப் பின் மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்த இலங்கைத் தமிழர்களும் இதே கரையில் வாழ்கின்றனர். போகிறவர்களையும் வருகிறவர்களையும் நன்கு அறிந்த கரை இது.

வீட்டை விட்டுப் போனவர் மாதம்தோறும் பணம் அனுப்புகிறார்; அடிக்கடி தொலைபேசியில் பேசுகிறார். "சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, வேலை எப்படி?" என்று இங்கிருந்து கேட்கிறார்கள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்ற பதில் அங்கிருந்து வருகிறது. வீட்டில் இருப்பவர்களும் தங்கள் கடனையும் நோயையும் சண்டையையும் மறைத்து, "இங்கேயும் எல்லாரும் நல்லா இருக்கோம்" என்கிறார்கள். ஒருவரை ஒருவர் வருத்தப்படுத்தக் கூடாது என்ற அன்பினால்தான் இப்படிச் செய்கிறோம். ஆனால் சொல்லப்படாத துன்பம் எங்கே போகிறது? அது உள்ளேயே தங்கி, தூக்கமின்மையாகவும், கோபமாகவும், குடிப்பழக்கமாகவும், சில வேளைகளில் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமாகவும் வெளிப்படுகிறது.

இதற்கு ஒரு வழியை நமது மண்ணில் வாழ்ந்து மறைந்த அயல்நாட்டவர் ஒருவரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். அவர் புனித அருளானந்தர். நம்மில் பலருக்கு அவரை மறைசாட்சியாகத் தெரியும். அந்நிய நாட்டில், தனிமையிலும் துன்பத்திலும், எழுத்தைத் துணையாகக் கொண்ட மனிதராக அவரை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இலிஸ்பனிலிருந்து மறவர் சீமைக்கு

ஜான் தெ பிரிட்டோ என்ற அருளானந்தர் 1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகர் இலிஸ்பனில் பிறந்தார். உயர்குடியைச் சேர்ந்தவர், அரண்மனையில் இளவரசருக்குத் தோழராக வளர்ந்தவர். 1662இல் இயேசு சபையில் சேர்ந்தார். இந்தியாவுக்குச் செல்ல அவர் விரும்பியபோது, அதைத் தடுக்க அவருடைய தாய் பெரிதும் முயன்றார். ஆயினும் 1673இல் கப்பலேறி, அதே ஆண்டில் கோவா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

பின்னர் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து, தமிழ் கற்று, பண்டார சுவாமியாகக் காவி உடுத்தி, புலால் உணவை விலக்கி வாழ்ந்தார். பெயரும் அருளானந்தர் என்றாயிற்று. உடை, உணவு, மொழி, பெயர் அனைத்தும் மாறின. இந்த மாற்றம் எவ்வளவு கடினம் என்பது அயல்நாட்டில் வேலைக்குச் சென்ற எவருக்கும் புரியும்.

1686இல் மறவர் சீமையில் அவர் தம் உபதேசியார்களுடன் பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். பின் விடுதலை பெற்றார். அடுத்த ஆண்டு சபைப் பணிக்காக ஐரோப்பா அனுப்பப்பட்டு, 1688இல் இலிஸ்பன் அடைந்தார். முன்பு தோழராக இருந்த இளவரசர் அப்போது மன்னராகியிருந்தார். அருளானந்தரை அங்கேயே இருத்திக்கொள்ள அவர் விரும்பினார். பிறந்த ஊர், உறவுகள், மதிப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், 1690இல் அருளானந்தர் மீண்டும் இங்கே திரும்பினார்.

கரியும் துரும்பும்

மறவர் சீமையின் தலைவர்களுள் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றபோது, ஒரு மனைவியை மட்டும் ஏற்று மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். இதனால் எழுந்த சினத்தில் 1693 ஜனவரி 8ஆம் நாள் அருளானந்தர் கைது செய்யப்பட்டார். இராமநாதபுரத்தில் சிறை வைக்கப்பட்டு, ஜனவரி 31ஆம் நாள் ஓரியூருக்குக் கொண்டுவரப்பட்டார்.

அங்கே சிறையில் அவருக்கு மையும் இல்லை, எழுதுகோலும் இல்லை. கரியை நீரில் குழைத்து மையாகவும், கிடைத்த துரும்பை எழுதுகோலாகவும் கொண்டு அவர் மடல் எழுதினார் என்று அவரது வரலாறு கூறுகிறது. பிப்ரவரி 3ஆம் நாள், தம் தலைவரான பிரான்சிஸ் லைனஸ் அடிகளாருக்கு எழுதிய மடல் நமக்குக் கிடைத்துள்ளது. மறுநாள் பிப்ரவரி 4, சாம்பல் புதன். அன்று பாம்பாற்றின் கரையில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த இடமே இன்று சிவகங்கை மறைமாவட்டத்தில் உள்ள ஓரியூர்த் திருத்தலம். 1947ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அந்த மடல் செய்த வேலை

சாவை எதிர்நோக்கி இருந்த ஒருவர் அந்த மடலில் என்ன எழுதினார்? முதலில், நடந்ததை நடந்தபடி எழுதினார். எப்போது விசாரணை, என்ன தீர்ப்பு, எப்போது இடம் மாற்றினார்கள் என்று நாள் குறிப்பிட்டு வரிசையாகச் சொன்னார். துன்பத்தில் இருப்பவரின் மனத்தில் நிகழ்ச்சிகள் குழம்பிக் கிடக்கும். அவற்றை முன்பின்னாக அடுக்கும்போதே குழப்பம் குறையத் தொடங்குகிறது.

இரண்டாவதாக, தம் மனநிலையை மறைக்காமல் சொன்னார். சாவை எதிர்பார்த்துக் காத்திருப்பதை வெளிப்படையாக எழுதினார். நல்லதைச் செய்ததே குற்றமாகக் கருதப்படுமானால், அதற்காகத் துன்புறுவது பெருமையே என்ற பொருளில் தம் துன்பத்துக்கு ஒரு விளக்கம் கண்டார். தமக்கு நேர்ந்ததை அவரால் மாற்ற இயலவில்லை. அதன் பொருள் என்ன என்பதை மட்டும் அவர் பிறர் கையில் விட்டுவிடவில்லை.

மூன்றாவதாக, தம்மைப் புரிந்துகொள்ளும் ஒருவருக்கு எழுதினார். காவலர்கள் கண்காணிப்பதால் மேலும் எழுத இயலவில்லை என்று மடலை முடித்தார். அந்தக் காவலர்களுக்கு நடுவிலும், எழுதிக்கொண்டிருந்த சில நிமிடங்களேனும் அவர் தனியாக இல்லை. படிக்கப்போகும் நண்பரும் அவரோடு இருந்தார். புனித பவுல் பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதிய திருமுகத்தில் மகிழ்ச்சியைப் பற்றி அவ்வளவு பேசுவதும் இதை நமக்கு நினைவூட்டுகிறது.

கடிதம் எழுதுவது ஒரு கடமை

இப்படி எழுதும் பழக்கம் அருளானந்தருக்குச் சிறையில் திடீரென வந்ததன்று. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், உலகெங்கும் சிதறி வாழும் உறுப்பினர்களின் உள்ளங்களை இணைப்பது கடிதமே என்று கருதி, அடிக்கடி எழுதுவதை விதியாகவே வைத்தார். 1542இல் பேதுரு ஃபாபர் அடிகளாருக்கு எழுதியபோது, முக்கியமான மடலை ஒருமுறை எழுதிப் படித்துப் பார்த்து, மீண்டும் திருத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மற்றவர்களுக்குக் காட்டத் தகாதவற்றைத் தனித்தாளில் எழுதச் சொன்னார்.

மதுரைத் தளத்தின் குருக்களும் இவ்வாறே எழுதினார்கள். அவர்களுடைய மடல்களில் போர், பஞ்சம், வெள்ளம், மக்கள் வாழ்க்கை எல்லாம் பதிவாகியுள்ளன. 1924இல் மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதிய இரா. சத்தியநாத ஐயர் அம்மடல்களை முக்கியச் சான்றுகளாகப் பயன்படுத்தினார். தனிமையில் எழுதப்பட்டவை பின்னாளில் ஒரு நாட்டின் வரலாறாயின.

அந்நாளில் கடிதம் கடலைக் கடக்கப் பல மாதங்கள் ஆகும். பதில் வர ஆண்டுகள் ஆகலாம். நமது முத்துக்குளித்துறையில் பணியாற்றிய புனித சவேரியார், பின்னர் மலுக்குத் தீவுகளில் இருந்தபோது, தோழர்கள் அனுப்பிய மடல்களிலிருந்து அவர்களுடைய கையொப்பங்களை வெட்டி எடுத்துத் தம்மோடு வைத்துக்கொண்டதாக 1546இல் எழுதினார். அவ்வளவு திடமான மனிதருக்கும் நண்பர்களின் கையெழுத்து தேவைப்பட்டது. வீட்டு நினைவு வருவது பலவீனம் என்று எண்ணுவோர் இதை நினைத்துப் பார்க்கலாம்.

அந்நிய மொழியே படைப்பான கதை

எழுத்து ஆறுதல் மட்டும் தருவதில்லை. புதியதைப் படைக்கவும் செய்கிறது. 1546இல் கோவா வந்த அண்ட்ரிக் அடிகளார் இதற்குச் சான்று. 1549இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் அந்தோனி கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்ட பிறகு, இக்கடற்கரைப் பணியின் பொறுப்பு அண்ட்ரிக் அடிகளாரிடம் வந்தது. தோழரை இழந்த அந்நிய நாட்டில், அவர் தமிழைக் கற்பதிலும் எழுதுவதிலும் ஈடுபட்டார். போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்', இந்திய மொழியில் இந்தியாவில் அச்சான முதல் நூலாகக் கருதப்படுகிறது. 1586இல் 'அடியார் வரலாறு' வெளிவந்தது. 1600இல் இறக்கும்வரை அவர் இக்கரையோரத்திலேயே வாழ்ந்தார்.

தமக்குப் புரியாத மொழி ஒன்றின் நடுவே அவர் ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம். அதற்கு மாறாக, ஒவ்வொரு சொல்லாகக் குறித்துவைத்துக் கற்றார். அந்நிய இடம் மெல்ல மெல்லச் சொந்த இடமாயிற்று.

இன்றைய ஆய்வு சொல்வது

1986ஆம் ஆண்டு, ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் உடன் ஆய்வாளருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் சிலர் தங்கள் வாழ்வின் மிகத் துன்பமான நிகழ்ச்சியைப் பற்றி, நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு நாள்கள் எழுதினர். நடந்ததையும் அதனால் மனத்தில் எழுந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் முன்பைவிடக் கனத்திருந்தது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. பயன் பின்னர்தான் வந்தது. இதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகள், பயன் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்றும் காட்டியுள்ளன. எனவே எழுத்தை எல்லா நோய்க்கும் மருந்தென்று சொல்ல முடியாது. அது நல்லதொரு துணை.

நாம் செய்யக்கூடியவை

அருளானந்தர் தாமே விரும்பி இந்நாட்டுக்கு வந்தார். நம்மவர் பலரோ கடனுக்காகவும் குடும்பத்துக்காகவும் செல்கின்றனர். இந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. ஆயினும் அவர் கையாண்ட வழி அவர்களுக்கும் பொருந்தும்.

பெரிய எழுத்தாளராக இருக்கத் தேவையில்லை. ஒரு சிறு நோட்டும் பேனாவும் போதும். வாரத்தில் சில நாள்கள், பதினைந்து நிமிடம், தேதியிட்டு எழுதலாம். இன்று என்ன நடந்தது, அது எனக்கு எப்படி இருந்தது, அதிலிருந்து நான் என்ன புரிந்துகொள்கிறேன் என்ற மூன்றையும் எழுதினால் போதும். பேச்சுத் தமிழிலேயே எழுதலாம். பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். எழுதப் பழகாதவர் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யலாம். நம் ஊர்க் கடலைப் பற்றி, அம்மா வைக்கும் மீன் குழம்பைப் பற்றி, உடன் தங்கியிருக்கும் பிற நாட்டு நண்பர் சொன்ன கதையைப் பற்றியும் எழுதலாம். துன்பத்தை மட்டுமே எழுத வேண்டும் என்பதில்லை.

எழுதியவை எல்லாவற்றையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. இஞ்ஞாசியார் சொன்ன தனித்தாள் போல, தமக்கென்று சில பக்கங்கள் இருக்கட்டும். ஆனால் ஒருவருக்காவது, மனைவிக்கோ அண்ணனுக்கோ நண்பருக்கோ பங்குத்தந்தைக்கோ, உண்மையை எழுதி அனுப்புவது நல்லது. சம்பளம் தராமை, அடி, மிரட்டல் போன்றவை இருந்தால் தேதியோடு குறித்துவைக்க வேண்டும். இந்தியத் தூதரகத்தில் முறையிடும்போது அக்குறிப்பு உதவும். அநீதியைப் பொறுத்துக்கொள்வதற்கு எழுத்து ஒரு சாக்காகிவிடக் கூடாது.

எழுதும்போது மனம் தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிட வேண்டும். சாவைப் பற்றிய எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், உடன் இருப்பவரிடமும் மருத்துவரிடமும் உடனே சொல்ல வேண்டும். இங்கே உள்ள குடும்பத்தினர் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வாசிக்கும் கடமை

இதில் வீட்டில் இருப்போருக்கும் பங்கு உண்டு. லைனஸ் அடிகளார் மடலைப் பெற்றுப் பாதுகாத்ததால்தான் அருளானந்தரின் குரல் நம் காலம்வரை வந்திருக்கிறது. எழுதுகிறவருக்கு அஞ்சாமல் வாசிக்கும் ஒருவர் வேண்டும். மகன் தன் துன்பத்தைச் சொன்னால் உடனே "அழாதே, பொறுத்துக்கோ" என்று அடைத்துவிடாமல், முழுவதும் கேட்கப் பழகுவோம். பணம் வந்ததா என்று கேட்பதற்கு முன், "உன் மனசுல என்ன இருக்குதோ அதை எழுதி அனுப்புப்பா, நான் படிக்கிறேன்" என்று சொல்வோம். பங்குகளிலும் அன்பியங்களிலும், வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு மடலேனும் எழுதும் வழக்கத்தைத் தொடங்கலாம்.

கரியும் துரும்பும் கொண்டு எழுதிய புனித அருளானந்தர், கடல் கடந்து உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லும் துணிவையும், நமக்கு அதைக் கேட்கும் மனத்தையும் பெற்றுத் தருவாராக.