மாதிரி ரயில் பெட்டி ஏன் தடம் புரள்கிறது?

எஞ்சின் நன்றாக ஓடுகிறது. பின்னால் வரும் பெட்டிகளில் ஒன்று மட்டும் உருள மறுக்கிறது, வளைவு வந்தால் கவிழ்கிறது. இவை பெரும்பாலும் ஒரே கோளாற்றின் இரண்டு முகங்கள். கடைசிப் பெட்டிகள் இறுக்கமாக ஓடினால், எஞ்சினின் இழுவிசை வளைவில் நடுப்பெட்டிகளை உட்பக்கமாக இழுக்கும். எடை குறைந்த பெட்டி முதலில் சாயும். ஆகவே, கவிழ்ந்த பெட்டியிலேயே குறை இருக்க வேண்டும் என்பதில்லை.

இங்கே தரும் அளவுகள் எச்.ஓ. வகைக்கு உரியவை. அது உண்மை ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.

குறை எங்கே?

பல பெட்டிகள் ஒரே இடத்தில் இறங்கினால் தண்டவாளத்தைப் பாருங்கள். ஒரே பெட்டி பல இடங்களில் இறங்கினால் பெட்டியைப் பாருங்கள். பெட்டியை முன்பின்னாகத் திருப்பி வைத்தும் ஓட்டுங்கள். அப்போதும் அதே போகிதான், அதாவது பெட்டிக்கு அடியில் திரும்பும் அதே சக்கரச் சட்டம்தான், இறங்குகிறது என்றால் குறை அந்தப் போகியில்.

சக்கரமும் அச்சும்

ஓர் அச்சின் இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தாலும் கூடினாலும் தடம் பிரியும் பாயின்டைக் கடக்கும்போது சக்கரம் இடித்து ஏறிவிடும். இதற்கென விற்கும் அளவுத் தகட்டை வைத்துப் பார்த்து, சக்கரத்தை மெல்லத் திருகி நகர்த்துங்கள்.

அடுத்து அச்சு முனை. தலைமுடியும் கம்பள நூலும் அங்கே சுற்றிக்கொள்ளும், இடுக்கியால் எடுங்கள். பலகை மேல் தண்டவாளத் துண்டு ஒன்றை வைத்து, ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். மீட்டருக்கு 2, 3 செ.மீ. உயர்த்தியும் பெட்டி தானாக உருளாவிட்டால் அச்சு இறுகியிருக்கிறது. கூர்முனை அச்சு உள்ள உலோகச் சக்கரங்களை மாற்றிப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். எண்ணெய் தேவையென்றால் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வகையில், ஊசிமுனை அளவே விடுங்கள். அதிகமானால் தூசியைப் பிடித்து மறுபடி இறுக்கும். உள்விளக்குள்ள பெட்டியில், மின்சாரம் எடுக்கும் தகடுகள் சக்கரத்தை அழுத்தியும் தடுக்கலாம்.

போகித் திருகு

இரண்டு போகிகளையும் இறுக்கித் திருகினால், மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஒரு போகியின் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். அது எல்லாப் பக்கமும் அசையட்டும். இன்னொன்று தாராளமாகத் திரும்பட்டும், ஆனால் பக்கவாட்டில் ஆட வேண்டாம். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதுபோல், பெட்டியும் மூன்று புள்ளிகளில் தாங்கி நிற்கும்.

எடை

அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் பரிந்துரைக்கும் கணக்கு இது: பெட்டிக்கு 1 அவுன்ஸ், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குலப் பெட்டிக்கு 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 113 கிராம். எடையை அடித்தளத்தில், இரு முனைகளுக்கும் சமமாக ஒட்டுங்கள். மேலே வைத்தால் பெட்டி சாயும். அச்சு இறுகியிருக்கும்போது எடை ஏற்றினால் எஞ்சினுக்குச் சுமைதான் கூடும். அதனால் எடை இரண்டாம் வேலை.

கொக்கியும் வளைவும்

கொக்கிகள் ஒரே உயரத்தில் இருக்கட்டும். கொக்கியின் கீழே தொங்கும் கம்பி, பாயின்டில் இடிக்காமல் போகிறதா என்று பாருங்கள். நீளமான பெட்டி, இறுக்கமான வளைவில் பக்கத்துப் பெட்டியின் கொக்கியைத் தள்ளிவிடும். இடப்பக்கம் வளைந்து உடனே வலப்பக்கம் வளையும் பாதையில், நடுவே நீளமான பெட்டி ஒன்றின் அளவுக்கு நேர்த்தடம் வையுங்கள். தண்டவாள இணைப்புகளில் விரலை ஓட்டினால் உயர வேறுபாடும் முனையின் கூர்மையும் தெரியும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஓட்டிப் பார்த்து, பிறகே அடுத்ததைத் தொடுங்கள். அப்போதுதான் எது தீர்த்தது என்று தெரியும். அடுத்த பெட்டிக்கும் அதையே முதலில் செய்யலாம்.