மலைநாட்டு வீட்டில் எந்த விளக்கு?

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூடுபனி இறங்கும் நாள்களில் அங்குள்ள வீடுகளிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் பிற்பகலிலேயே விளக்கு எரியத் தொடங்கிவிடும். அதனால், எந்த விளக்கைப் பொருத்துகிறோம் என்பது அவ்வூர்க் குடும்பங்களின் செலவைத் தொடும் கேள்வி.

பழைய மின்குமிழினுள் மெல்லிய தங்ஸ்தன் இழை ஒன்று உண்டு. மின்சாரம் பாயும்போது அது பழுக்கக் காய்ந்து ஒளிவிடும். ஆனால், அது எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகவே போய்விடுகிறது. ‘குளிரான ஊரில் அந்தச் சூடும் பயன்படுமே?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். எனினும், 60 வாட் குமிழின் சூடு ஓர் அறையின் குளிரைப் போக்கப் போதாது. அதற்குக் கம்பளிச் சட்டையே மலிவு!

எல்.இ.டி. விளக்கில் சூடேறும் இழை இல்லை. குறைகடத்தியில் மின்சாரம் பாயும்போதே ஒளி பிறக்கிறது. ஆகவே, 60 வாட் குமிழ் தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கே தந்துவிடும்.

ஒரு வீட்டில் நான்கு விளக்குகள் நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிவதாகக் கொள்வோம். பழைய குமிழ்கள் என்றால் 30 நாள்களில் 36 அலகு மின்சாரம் செலவாகும், எல்.இ.டி. என்றால் 5.4 அலகுதான். மீதம் 30.6 அலகு. உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதில் ஓர் அலகின் விலையைப் பார்த்துப் பெருக்கிப் பாருங்கள்.

கேமரன் மலை ஆறுகளின் நீர் ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையில் தேக்கப்பட்டு, 1960களிலிருந்து மின்னுற்பத்திக்குப் பயன்படுகிறது. ஆயினும், தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்தே கிடைக்கிறது. விளக்குகளுக்குக் குறைந்தபட்ச ஆற்றல் திறன் தரத்தை அரசாங்கம் 2013-இல் சட்டமாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளக்கு வாங்கும்போது வாட் அளவை மட்டும் பார்ப்பது பழைய பழக்கம். வாட் என்பது செலவைக் காட்டும். வெளிச்சத்தைக் காட்டுவது லூமென். படிக்கும் மேசைக்கு 800 லூமென் அளவுள்ள விளக்கு போதும். எல்.இ.டி. விளக்கின் மின்சுற்றை விரைவில் கெடுப்பது வெப்பமே. அவ்வகையில் மலைக்குளிர் அதற்கு நல்லது. காற்றுப் புகாத மூடிய கூண்டுக்குள் மட்டும் அதை மாட்டாதீர்கள்.

மாற்றிய பின் கழற்றி வைத்த குழல்விளக்குகளைக் குப்பைத்தொட்டியில் வீசி உடைக்கக் கூடாது. அவற்றினுள் சிறிதளவு பாதரசம் இருக்கிறது.